பேனுக்காக ஒரு வழக்கு



அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட உயிர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் கலிஃபோர்னியக் காண்டாரின் பெயர் வராமல் இருக்காது. இறக்கையை விரித்தால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வரும் அந்தப் பிணந்தின்னிப் பறவை, 1982-இல் உலகம் முழுவதிலுமாக 22 மட்டுமே எஞ்சியிருந்தது. வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டுப் போன உடல்களைத் தின்றபோது வயிற்றுக்குள் போன ஈயத் துணுக்குகள் அதன் அழிவுக்கு ஒரு முக்கியக் காரணம். 1987 ஏப்ரலில் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்தார்கள். மொத்தம் 27 சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஆகிய ஊர்களின் விலங்குக்காட்சிச் சாலைகளில் அவற்றைப் பெருக்கி, 1992 முதல் மறுபடியும் மலைகளில் விட்டார்கள். இன்று அந்த இனத்தின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. பாராட்ட வேண்டிய வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. பிடித்து வந்த பறவைகளுக்கெல்லாம், வழக்கமாகச் செய்கிற காரியம் என்று, பேன் மருந்து போட்டார்கள். காண்டாரின் இறகுகளில் மட்டும் வாழ்ந்த ஒரு பேன் இருந்தது. ராஜர் பிரைஸ், ஜேம்ஸ் பியர் என்ற இரண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் 1963-இல் அதற்குக் கால்போசெஃபாலம் கலிஃபோர்னிசி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பேன் இன்று அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. உலகில் இருந்த காண்டார் அத்தனையும் கூண்டுக்குள் வந்துவிட்டது. கூண்டுக்குள் வந்ததற்கெல்லாம் மருந்து போட்டாகிவிட்டது. அந்தப் பேனுக்குப் போக்கிடம் ஏது?

என் வாதம் இதுதான்: ஓர் அரிய விலங்கைக் காக்கப் புறப்படுகிறவர்கள், அதன் உடலை விட்டால் வேறு வீடில்லாத பேனையும் சேர்த்துக் காக்கக் கடமைப்பட்டவர்கள். நோய் கண்ட விலங்குக்கு மருந்து போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவை இருக்கிறதா என்று பார்க்காமலேயே, பிடித்த கையோடு மருந்து தூவும் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பேனுக்கு வக்காலத்தா என்று கேட்கலாம். அந்தச் சிரிப்புக்குள்ளே வலுவான சில கேள்விகளும் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளத்தான் போகிறேன். அதற்கு முன், நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும்.

பேன் என்றதும் நம் நினைவுக்கு வருவது தலையில் இரத்தம் உறிஞ்சும் பேன். பேன் குலத்தில் அது சிறுபான்மை. உறிஞ்சும் பேன்கள் சுமார் 550 இனங்கள்தான். பாலூட்டிகளை விட்டு அவை வேறெங்கும் போவதில்லை. மெல்லும் பேன்களோ 4,000 இனங்களுக்கு மேல். குத்தி உறிஞ்சும் ஊசிவாய்க்குப் பதிலாக இவற்றுக்குக் கடித்து மெல்லும் தாடைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பறவைகளின் மேல் வாழ்பவை. ஆடு, மாடு, நாய், பூனை முதலான பாலூட்டிகளிடம் ஒரு பகுதி. கோழியின் பின்புறத்து இறகை ஒதுக்கிப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் சில சிதறி ஓடுமே, அதுவும் மெல்லும் பேன்தான். உணவு என்று பார்த்தால் பலவற்றுக்கு இறகின் பஞ்சு போன்ற அடிப்பகுதி, உதிரும் தோல், தோலின் எண்ணெய்ப் பசை. சில இனங்கள், கோழியின் அந்த வைக்கோல் நிறப் பேன் உட்பட, முளைத்து வரும் இறகுக் குருத்தைக் கடித்து இரத்தமும் குடிக்கும். இறக்கை எந்தப் பேனுக்கும் கிடையாது. ஈரை இறகோடு ஒட்டிவைக்கிறது. குஞ்சு அதே உடலில் வளர்ந்து, அதே உடலில் இணை சேர்ந்து, அதே உடலில் சாகிறது. அந்த உடலை விட்டுக் கீழே விழுந்தால் சில நாள்தான் ஆயுள்.

இப்படி ஓர் உடலையே உலகமாகக் கொண்டதால் அந்த உடலின் மூலைமுடுக்கெல்லாம் தனித்தனி வாழிடங்களாகிவிட்டன. மாடப்புறாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிறகில் ஒரு பேன் உண்டு: மெலிந்து நீண்ட உடல், சிறகிறகின் இழைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் தன்னைச் செருகிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதே புறாவின் வயிற்றுப் பக்கத்தில் உருண்டு திரண்ட வேறொரு பேன். ஆபத்து என்றால் இறகுப் பஞ்சுக்குள் புதைந்துகொள்ளும். கூழைக்கடாக்களின் அலகுப் பைக்குள்ளேயே வாழும் பேன் இருக்கிறது. வளைந்த அலகால் கடற்கரைச் சேற்றைக் கிளறும் கோட்டானின் இறகுத் தண்டுக்குள் குடியிருக்கும் பேனும் இருக்கிறது. யானைப்பேன் இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. அதன் முகம் முன்னோக்கி நீண்டு, நுனியில் தாடைகளோடு ஒரு துளைப்பான்போல் அமைந்திருக்கிறது. யானைத் தோலைத் துளைக்க வேறென்ன வழி? ஆசிய யானை, ஆப்பிரிக்க யானை இரண்டிலும் அது உண்டு. அதன் நெருங்கிய உறவினர் உலகில் இன்னும் இரண்டே இரண்டு இனங்கள், இரண்டும் ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி வகைகளில். யானையைக் காப்பாற்றுவது பற்றி எத்தனை கூட்டங்கள் போட்டிருக்கிறோம். பூச்சி உலகிலேயே இவ்வளவு விசித்திரமான ஒரு குடும்பத்தின் கதியும் யானைகளோடும் அந்தப் பன்றிகளோடும் முடிச்சிடப்பட்டிருக்கிறது என்று எந்தக் கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா?

ஒரு பேன் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போவதற்கு உடலோடு உடல் உரச வேண்டும்: தாய் குஞ்சை அணைக்கும்போது, ஆணும் பெண்ணும் சேரும்போது. சில புறாப் பேன்கள் ஓர் ஈயின் காலைப் பற்றிக்கொண்டு பயணம் செய்வதும் உண்டு, அது விதிவிலக்கு. இந்த உரசல் எவ்வளவு முக்கியம் என்பதைக் குயில் குலத்தைச் சேர்ந்த ஒரு பறவை காட்டிக்கொடுத்தது. அந்தக் குயிலும் பிற பறவையின் கூட்டில் முட்டையிட்டு வளர்க்க விடும் இனம். அதன் குஞ்சு தன் இனத்தாரைத் தொடாமலே வளர்கிறது. வளர்ப்புத் தாயின் பேன்கள் அதன் மேல் ஏற வாய்ப்பிருந்தும் அவை அதில் குடியேறுவதில்லை. மைக்கேல் புரூக், ஹிரோஷி நாகமுரா இருவரும் ஜப்பானில் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இளம் குயில்களிடம் குயில் பேன் இல்லை; வளர்ந்த பறவைகளிடம் இருக்கிறது. பருவம் வந்து தன் இனத்தோடு கூடும்போதுதான் அது தொற்றுகிறது என்பது அவர்கள் முடிவு. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடர்ச்சி ஒரு தலைமுறையில் அறுந்தால் போதும், அந்தப் பேன் இனம் திரும்பி வராது. முட்டையை எடுத்து அடைகாக்கும் கருவியில் பொரிக்க வைத்து, பறவையின் தலை போன்ற கைப்பாவையால் ஊட்டி வளர்ப்பது காண்டார் திட்டத்தின் ஒரு முறை. அப்படி வளர்கிற குஞ்சுக்கு மருந்தே போட வேண்டாம். பேன் தானாகவே அற்றுப்போகும்.

முதல் எதிர்ப்புக்கு வருகிறேன். பேன் பறவைக்குத் தீங்கு செய்கிறதே, அதைப் போய்க் காப்பதா என்பது அது. தீங்கு செய்வது உண்மை. அதை மறைத்து என் வாதத்தை நடத்த மாட்டேன். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேல் கிளேட்டன், சாரா புஷ் இருவரும் அவர்களுடைய குழுவினரும் பல ஆண்டுகளாக மாடப்புறாக்களை வைத்து ஆராய்ந்து வருகிறார்கள். பேன் பெருத்த புறாவின் உடலில் இறகுப் பஞ்சு மெலிகிறது, உடற்சூடு வெளியேறுகிறது, சூட்டை ஈடுகட்ட அந்தப் பறவை கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் அவற்றில் இறப்பு அதிகம். பேன் மிகுந்த ஆண் புறாவைப் பெண் புறாக்கள் ஒதுக்குகின்றன என்று 1990-இலேயே கிளேட்டன் காட்டினார். இவ்வளவும் சரி. ஆனால் இந்தச் சோதனைகளில் பேனை எப்படிப் பெருக வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். புறாவின் இரு அலகுகளும் முழுதாகச் சேராதபடி நடுவே சிறு வளையம் ஒன்றை மாட்டினார்கள். பறவையால் தின்ன முடியும், குடிக்க முடியும். இறகைக் கோத முடியாது. கோதுவது நின்றதும் பேன் பெருகிற்று. வளையம் இல்லாத புறாவில் பேன் இருந்தாலும் எண்ணிக்கை அடங்கியே இருக்கிறது. மேலலகின் நுனி கீழலகைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் வளைந்திருக்கிறதல்லவா, அதை மட்டும் செதுக்கிவிட்டுப் பார்த்தார்கள். தீனி எடுப்பதில் மாற்றமில்லை; பேன் மட்டும் கூடியது. அந்தச் சின்ன வளைவே பேனை நசுக்குவதற்காக வந்தது போலிருக்கிறது.

பேனும் சும்மா இருக்கவில்லை. அதே குழு வெள்ளைப் புறா, கறுப்புப் புறா, சாம்பல் புறா என்று தனித்தனியாக வைத்து நான்கு ஆண்டுகள், ஏறத்தாழ 60 பேன் தலைமுறைகள், கவனித்தது. வெள்ளைப் புறாவில் வாழ்ந்த பேன்கள் வெளிறின. கறுப்புப் புறாவில் வாழ்ந்தவை கருத்தன. கோத முடியாதபடி தடுக்கப்பட்ட புறாக்களில் இந்த மாற்றம் நிகழவில்லை. கண்ணில் படுகிற பேன் அலகில் அகப்பட்டது, படாதது பிழைத்தது, அவ்வளவுதான். இயற்கைத் தேர்வு நடக்கும் வேகத்தைக் கண்முன் காட்டும் சோதனைகளில் இதற்கு இணையானவை அதிகமில்லை. இந்தச் சான்றுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இது: நலமாக இருக்கும் பறவையும் அதன் சொந்தப் பேனும் ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்திருக்கும் பகையாளிகள். அலகு உடைந்த பறவையில், நோயுற்ற பறவையில், பட்டினி கிடக்கும் பறவையில் பேன் பெருக்கெடுக்கிறது. மெலிந்த பறவை மேல் பேன் மண்டியிருப்பதைக் கண்டு பேன்தான் அதை மெலிய வைத்தது என்று முடிவு கட்டுவது, பல நேரம் காரியத்தைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் பிழை. காண்டாரைக் கொன்றது ஈயம். பேன் அல்ல.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிட வலுவானது. எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும் புறாவுக்குச் சொல்வதை 27 பறவைகளே மிஞ்சிய இனத்துக்குச் சொல்லலாமா? ஒரே ஒரு பறவை இறந்தாலும் தாங்க முடியாத நிலையில், சின்ன ஆபத்தைக்கூட ஏன் ஏற்க வேண்டும்? இதற்கு ஆதரவாக நானே ஒரு சான்று தருகிறேன். கலாபகஸ் தீவுகளின் பருந்தை நோவா வைட்மன், பாட்ரிசியா பார்க்கர் குழுவினர் ஆராய்ந்தார்கள். சிறிய தீவுகளில், சொந்தத்துக்குள்ளேயே பெருகி மரபணுப் பன்மை குன்றிய பருந்துகளில் பேன் கூடுதலாக இருந்தது. அரிதான இனங்களில் பலவும் அந்த நிலையில் இருப்பவைதான். ஆகவே கால்நடை மருத்துவரின் கவலை வீண் கவலை இல்லை. ஆனாலும் அந்தக் கவலை நம்மைக் கொண்டுசேர்க்கும் இடம் கண்காணிப்பு. ஒவ்வொரு பறவையையும் எடை பார்க்கிறோம், இரத்தம் எடுக்கிறோம், ஈயத்தின் அளவைச் சோதிக்கிறோம். அப்போதே இறகை ஒதுக்கிப் பேனையும் எண்ணலாம். எண்ணிக்கை எல்லை மீறிய பறவைக்கு மட்டும் மருந்து. மருந்து போடும் முன் அதன் பேன்களில் சிலவற்றை நலமாக உள்ள வேறொரு பறவைக்கு மாற்றிவிடலாம். இறகுக்கு இறகு பேனை மாற்றும் வேலையைப் புறா ஆய்வகங்கள் அன்றாடம் செய்கின்றன. இந்த வழியில் பறவைக்குக் கூடுதல் ஆபத்து என்று எதுவும் இல்லை. கூடுவது மனிதரின் வேலை மட்டுமே.

அமெரிக்காவின் பசிபிக் கரை மாநிலங்களில் 1990-களில் மான்களுக்கு நேர்ந்ததை எடுத்துக்காட்டி, பேனால் விலங்குகள் கூட்டமாக நலிவடைவதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கருவால் மான்களின் உடலில் மயிர் உதிர்ந்து திட்டுத்திட்டாகத் தோல் தெரிந்தது. குளிரில் பல இறந்தன. காரணம் ஒரு மெல்லும் பேன்தான், ஆனால் அது அந்த மான்களின் சொந்தப் பேன் இல்லை. பிற நாட்டு மான்களிலிருந்து வந்து சேர்ந்தது. அரிக்கிறதே என்று மான்கள் நக்கியும் கடித்தும் தங்கள் மயிரைத் தாங்களே பிய்த்துக்கொண்டன. காலங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்த பேனுக்கும் நேற்று வந்தேறிய பேனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். எனவே இந்த எடுத்துக்காட்டு என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. வெளிப் பேன் உள்ளே வராமல் தடுப்பதற்குத் தனிமைப்படுத்தல் வேண்டும், அயல்நாட்டு விலங்குகளைக் கலக்காமல் இருக்க வேண்டும். சொந்தப் பேனைத் துடைத்தெடுப்பது அதற்கு வழியாகாது. புறாவின் சிறகுப் பேனும் உடற்பேனும் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஒன்றின் பெருக்கத்தை ஒன்று தடுக்கின்றன என்பதையும் யூட்டா ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடியிருப்பவரை வெளியேற்றிய வீடு காலியாக இருக்குமா, அதில் வேறு யாராவது வந்து குடியேறுவார்களா என்பதை மருந்து தூவுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு அறிவியலாளர்களிடமிருந்தே வருவது. பேன் அழிந்தது, பேன் அழிந்தது என்று கூவுகிறீர்களே, நீங்கள் சொன்னது முன்பு பொய்த்திருக்கிறதே என்கிறார்கள். பொய்த்தது மெய்தான், அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் வானத்தை மறைத்துப் பறந்த பயணப்புறா வேட்டையால் அழிந்தது. கடைசிப் பறவையான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பயணப்புறாவின் தோலிலிருந்து ஒரு பேனை எடுத்து 1937-இல் மால்கம்சன் என்பவர் விவரித்தார். புறாவோடு இதுவும் போயிருக்கும் என்ற எண்ணத்தில் கொலம்பிகோலா எக்ஸ்டிங்டஸ், அதாவது அழிந்தது, என்றே பெயர் வைத்தார். 1969-இல் டென்டெய்ரோ என்பவர் இரண்டாவதாக ஒரு பேனை அதே புறாவுக்கு உரியது என்று சேர்த்தார். நைஜல் ஸ்டார்க், கிறிஸ் லயல் இருவரும் 1993-இல் 'நேச்சர்' இதழில், ஓர் உயிர் அழிந்தால் அதை நம்பியிருக்கும் உயிரும் சேர்ந்தழியும் என்று எச்சரித்தபோது, பயணப்புறாவின் பேன்களைத்தான் சான்றாகக் காட்டினார்கள். 1999-இல் கிளேட்டனும் பிரைஸும் எல்லாவற்றையும் கவிழ்த்துப்போட்டார்கள். அழிந்தது என்று பெயரிலேயே எழுதி ஒட்டப்பட்ட அந்தப் பேன், அமெரிக்க மேற்குக் கரையின் பட்டைவால் புறாவின் மேல் நலமாக வாழ்ந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு இரண்டாவது பேனின் கதையும் அவிழ்ந்தது. அது பயணப்புறாவின் பேனே இல்லை. ஆஸ்திரேலியப் புறா ஒன்றின் பேன். எங்கோ தோல்களோ குறிப்புச் சீட்டோ கலந்துபோனதால் வந்த குழப்பம்.

பேனுக்காகப் பேசுகிறவர்கள் வெட்கப்பட வேண்டிய கதை என்று இதைச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டைவால் புறா, பயணப்புறாவின் நெருங்கிய உறவினம். அதன் பேன்களை யாராவது முன்பே ஒழுங்காகப் பார்த்திருந்தால் 62 ஆண்டுகள் இந்தத் தவறு நீடித்திருக்காது. எந்தப் பேன் எந்தெந்த உடலில் வாழ்கிறது என்ற அடிப்படைக் கணக்கே நம்மிடம் ஓட்டை உடைசலாக இருக்கிறது. கணக்குத் தெரியாதவன் கையிருப்பைத் தைரியமாகச் செலவழிக்கலாமா? காண்டார் பேன் ஒருநாள் வேறு ஏதாவது பறவையில் கிடைத்தால் எல்லோரையும்விட நான்தான் அதிகம் மகிழ்வேன். கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அடுத்த இனத்துக்கும் மருந்து தூவுவதை மட்டும் ஏற்க மாட்டேன். பொய்த்த சாவுகளோடு பொய்க்காத சாவுகளும் இருக்கின்றன. நியூசிலாந்தில் சிறு புள்ளிக் கிவி என்ற பறக்காத பறவையைக் காப்பதற்காக 1912-இல் ஐந்து பறவைகளைக் காபிட்டி தீவில் கொண்டுவிட்டார்கள். இன்று அந்த இனம் உயிரோடிருப்பது பெரிதும் அந்தத் தீவின் புண்ணியத்தால். அந்தக் கிவிக்கே உரிய ரலிகோலா பில்கிரிமி என்ற பேனோ அந்த வழித்தோன்றல்களிடம் இல்லை. அழிந்த இனமாகவே நியூசிலாந்து அறிஞர்கள் அதைக் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஸ்பெயினில் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை 2002-இல் நூற்றுக்கும் கீழே போய், இப்போது 2,000-ஐத் தாண்டியிருக்கிறது. அதன் மெல்லும் பேனை ஹெசுஸ் பெரெஸ், ரிக்கார்டோ பால்மா இருவரும் 2001-இல் விவரித்தார்கள். அந்த லின்க்ஸைக் காப்பதற்கு இந்தப் பேன் இன்னொரு காரணம் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார்கள். கிடைத்தது ஒரே ஒரு விலங்கில். பிறகு தேடியபோது கிடைக்கவில்லை. பூனை பெருகிவிட்டது, பேன் எங்கே?

சரி, போனால் என்ன நட்டம் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பயன் சொல்லித்தான் ஓர் உயிரைக் காக்க வேண்டுமென்றால் காண்டாரின் கதையே கொஞ்சம் சிக்கல்தான். அதை நாம் பயனுக்காகக் காக்கவில்லை. என்றாலும் பேனிடம் இருப்பது வேறெங்கும் கிடைக்காத ஒரு பதிவேடு. உடலை விட்டு நகராததால் அந்த உடலின் குடும்ப வரலாறு பேனின் மரபணுவில் ஏறிவிடுகிறது. தலைமுறைகள் வேகமாக மாறுவதால் பறவையின் மரபணுவைவிடத் துலக்கமாகவும் ஏறுகிறது. கலாபகஸ் பருந்துகள் தீவு தீவாகப் பிரிந்த வரலாற்றை அவற்றின் பேன்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். மனிதன் எப்போது உடை உடுத்தத் தொடங்கினான் என்பதற்கு எலும்பும் கல்லும் விடை தரவில்லை. துணியில் வாழும் பேன் தலைப்பேனிலிருந்து எப்போது பிரிந்தது என்று 2003-இல் மார்க் ஸ்டோன்கிங்கின் குழு கணக்கிட்டது. ஆய்வுக்கு ஆய்வு ஆண்டுக்கணக்கு மாறினாலும் அந்தக் கேள்விக்கு வழி திறந்தது பேன்தான். ஜெர்மனியின் எக்ஃபெல்ட் என்ற இடத்தில் 4 கோடியே 40 லட்சம் ஆண்டு பழைய ஒரு மெல்லும் பேன் கல்லில் பதிந்து கிடைத்திருக்கிறது. அதன் குடலில் இறகுத் துணுக்குகள் இருந்தன. அவ்வளவு நீண்ட கூட்டுவாழ்வின் கடைசி ஏட்டை, படித்துப் பார்க்காமலே, ஒரு பிடி மருந்துத் தூளில் அழித்துவிடுகிறோம்.

இப்படியே போனால் அம்மை நுண்ணுயிரியையும் நரம்புச் சிலந்தியையும் காக்கச் சொல்வாயோ என்று கேட்கலாம். சொல்ல மாட்டேன். நரம்புச் சிலந்தி இந்தியாவிலிருந்து ஒழிந்ததாக 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. யாருக்கும் அதில் வருத்தமில்லை, எனக்கும் இல்லை. மனிதரை முடமாக்குவதும் கொல்வதும் ஒழியத்தான் வேண்டும். பண்ணைக் கோழிக்கும் வீட்டு நாய்க்கும் பேன் மருந்து போடுவதிலும் எனக்குப் பிணக்கில்லை. நாய்ப்பேன் நாடாப்புழுவைக் கடத்தக்கூடியது; தவிர, அந்தப் பேன்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. என் வழக்கின் எல்லை குறுகியது: அரிய காட்டு விலங்கு, அதற்கே உரிய பேன், பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் ஒழிப்பு. இந்த மூன்றும் சேரும் இடத்தில் மட்டும் கை ஓங்குமுன் ஒரு கணம் நிறுத்துங்கள் என்கிறேன்.

இந்தக் கோரிக்கை நம் நாட்டுக்கும் பொருந்தும். அசாமின் மானஸ் புல்வெளியில் வாழும் குள்ளப்பன்றி உலகின் மிகச் சிறிய பன்றி. 1996-இல் சில பன்றிகளைப் பிடித்து வளர்க்கத் தொடங்கி, இன்று அவற்றின் வழித்தோன்றல்களைக் காட்டில் விட்டு வருகிறார்கள். அதற்கே உரிய ஒரு பேன் இருக்கிறது. அது உறிஞ்சும் வகை; இருந்தாலும் நியாயம் ஒன்றுதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக இடம்பெற்றிருக்கும் பேன் அது. அப்புறம் நம் பாறுகள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால், அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற இந்தியப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. ஹரியானாவின் பிஞ்சோர் முதலிய இடங்களில் பாறுகளைக் கூண்டில் பெருக்குகிறார்கள். தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் பறவைகள் காட்டிலேயே பிழைத்திருக்கின்றன. பாறுகளின் பேன்கள் சிலவற்றுக்குப் பல பாறு இனங்கள் வீடாக இருக்கின்றன, ஆகவே காண்டார் பேனுக்கு வந்த முடிவு அப்படியே இங்கும் வரும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் மாயாற்றுப் பறவைகளிடம் என்னென்ன பேன் இருக்கிறது என்று பட்டியல் எடுப்பதற்கு, அவை இன்னும் காட்டில் இருக்கும் இந்தக் காலம்தான் ஏற்றது.

வனத்துறையினரிடமும் காட்டுயிர் மருத்துவர்களிடமும் விலங்கியல் மாணவர்களிடமும் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அரிய பறவையோ விலங்கோ உங்கள் கைக்கு வரும்போது, உயிரோடானாலும் பிணமானாலும், முதலில் பேன் சீப்பை எடுங்கள். கிடைப்பதில் சிலவற்றை எரிசாராயக் குப்பியில் போட்டு, எந்த விலங்கு, எந்த இடம், எந்த நாள் என்று பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே போடுங்கள். விலங்கு நலமாக இருந்தால் மீதிப் பேனை அதன் மேலேயே விட்டுவிடுங்கள். மருந்து தேவைதான் என்று தோன்றினால், தேவை என்பதற்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அப்புறம் போடுங்கள்.